குழந்தை விழுந்து அடிபட்டால் எப்போது டாக்டரிடம் போவது? பெற்றவர் மனசு சொல்வதை எவ்வளவு நம்புவது?

மே 4, இரவு 9.50 (வாசகி ஒருவரின் கேள்வி)

பையனுக்கு 5 வயசு. சாயந்தரம் பூங்காவில் சறுக்கு மரத்தில் விளையாடும்போது கையை ஊன்றி விழுந்துவிட்டான். கொஞ்ச நேரம் அழுதான், அப்புறம் அடங்கிவிட்டான். மணிக்கட்டில் வீக்கம் பெரிதாக இல்லை, விரல்களை அசைக்கிறான். மாமியார் இது வெறும் சுளுக்கு, விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்கிறார். எலும்பு உடைந்திருந்தால் விரல் அசையுமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பெற்றவள் மனசு பொய் சொல்லாது என்று எங்கள் அம்மா சொல்வார்கள். அதை நம்பி இந்த நேரத்தில் கிளம்பலாமா?

மே 4, இரவு 10.15

முதலில், யாரையும் உருவ விடாதீர்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம், "காலையில் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம் அத்தை" என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். உள்ளே விரிசல் இருந்தால் உருவுவதில் வலி கூடும், சில சமயம் எலும்பு நகர்ந்தும் போகும்.

விரல் அசைவதால் எலும்பு முறியவில்லை என்பது தப்பு. விரலை இழுக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து நரம்பு மாதிரி நீளும் தசைநாண்கள் விரல் வரைக்கும் போகின்றன. மணிக்கட்டுப் பக்கம் எலும்பில் விரிசல் விட்டாலும் அந்த இழுப்பு வேலை செய்யும். சின்னப் பிள்ளைகளின் எலும்பு பச்சை வேப்பங்குச்சி மாதிரி, பட்டென்று இரண்டாக ஒடியாது, ஒரு பக்கம் மட்டும் பிளக்கும், இல்லையென்றால் மடிந்து லேசாகப் புடைக்கும். அதனால்தான் பிள்ளைகளுக்குப் பெரிய வீக்கமே இல்லாமல் முறிவு இருக்கும்.

இப்போது பார்க்க வேண்டியது: கை கோணலாகத் தெரிகிறதா, விரல் வெளுத்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறானா. இதில் ஒன்று இருந்தாலும் இந்த நிமிடமே கிளம்புங்கள். முழங்கை வீங்கியிருந்தாலும் அப்படித்தான். எதுவும் இல்லையென்றால் துண்டால் தூளி மாதிரி கட்டி, கையை அதில் வைத்து, எடைக்குத் தகுந்த அளவில் பாராசிட்டமால் கொடுத்துத் தூங்க வையுங்கள். காலையில் எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே. மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், அது பெரிய கதை.

மே 5, காலை 6.40

பெற்றவள் மனசு பொய் சொல்லாது என்பதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயசு இருக்கும்போது கோபி பஸ் ஸ்டாண்டில் நெரிசலில் இறங்கும்போது என் தம்பி அவள் கையைப் பிடித்துச் சடாரென்று தூக்கினான். வீல் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் அழுகை, முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தோம். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, கீறல்கூட இல்லை. பிள்ளை சிரிக்கிறது, பேசுகிறது. அம்முச்சி (அம்மா வழிப் பாட்டி) தட்டில் முறுக்கு வைத்து நீட்டினார்கள். வலது பக்கம் இருந்த தட்டில் இருந்து அவள் உடம்பை முழுசாகத் திருப்பி இடது கையால் எடுத்தாள். வலது கை வயிற்றை ஒட்டி லேசாக மடிந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி அப்படியே தொங்கியது. சோறு, பொம்மை, கதவு, எல்லாவற்றுக்கும் வலது கை முந்தும் பிள்ளை அவள். சுற்றி இருந்த எல்லோரும் "ஒண்ணுமில்லை கண்ணு, பயந்துட்டா" என்றார்கள். எனக்கு அந்த முறுக்கு எடுத்த விதம் பொறுக்கவில்லை, கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, "யாராவது கையைப் பிடித்து இழுத்தீர்களா?" முழங்கையில் ஆரை எலும்பின் தலையைச் சுற்றி வளையமாக ஒரு தசைநார் இருக்கிறது. ஒன்று முதல் நாலு வயசுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் இறுகியிருக்காது, சட்டென்று இழுத்தால் நழுவி இடையில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒரு கையால் முழங்கையைப் பிடித்து, இன்னொரு கையால் உள்ளங்கையைத் திருப்பி மடக்கினார். சின்னதாக ஒரு க்ளிக். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அதே வலது கையால் என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். விழுந்து அடிபட்ட கை என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் டாக்டரே திருப்பமாட்டார்.)

அன்றைக்கு என்னைக் கிளப்பியதை உள்ளுணர்வு என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது மூன்று வருசம் அந்தப் பிள்ளையைத் தினமும் பார்த்ததால் வந்த கணக்கு. எந்தக் கையால் எடுப்பாள், எவ்வளவு நேரம் அழுவாள், எந்த வலிக்கு மடியில் வந்து படுப்பாள் என்று நாம் எழுதி வைக்காமலே மனசில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் இன்றைக்கு ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்றால் வயிற்றைப் பிசைகிறது. டாக்டர் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிறார், அவரிடம் அந்தப் பதிவேடு இல்லை. "போ" என்று மனசு சொன்னால் நம்புங்கள் என்பது இதனால்தான். "வேண்டாம், ஒன்றுமில்லை" என்று மனசு சொல்லும்போதும் இதே நம்பிக்கை வைக்கலாமா என்றால், அதுதான் நான் ஒத்துக்கொள்ளாத மறுபாதி.

மே 5, பகல் 1.20

"அப்படியென்றால் விழுந்த ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிதானா, சம்பளம் தாங்குமா" என்று திண்டுக்கல் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அரசு ஆஸ்பத்திரி இலவசம் என்று சொல்வது சுலபம், ஆனால் அங்கே போய் வர அரை நாள் கூலி போகிறது, கூட வர ஆள் வேண்டும், இன்னொரு பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். அதனால் பயத்தையும் கவனிப்பையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயம் ரத்தத்தைப் பார்க்கும். என் மகன் திண்ணை விளிம்பில் மோதி புருவத்தில் வெட்டிக்கொண்டான். சட்டை முழுக்க ரத்தம், பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட அதிகமாக அழுதார். முகத்திலும் தலையிலும் ரத்தக் குழாய் அதிகம், சின்ன வெட்டுக்கே கொட்டும். அவன் நன்றாக முழித்துக்கொண்டு, "என் சைக்கிளை யாரும் எடுக்கக்கூடாது" என்று கத்திக்கொண்டிருந்தான். துவைத்த வேட்டித் துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தேன், ரத்தம் நின்றது. தையல் போடக் கூட்டிக்கொண்டு போனோம்தான், காயம் வாய் பிளந்திருந்தால் அன்றைக்கே போட வேண்டும். ஆனால் மனசு நிதானமாக இருந்தது, ஏனென்றால் அவன் அவனாகவே இருந்தான்.

ஒரு வேண்டுகோள்: காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு வைத்து அனுப்பாதீர்கள். அதைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மே 5, இரவு 8.05

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதிவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு மடிந்து புடைத்திருக்கிறதாம், மூன்று வாரத்துக்குக் கட்டு. இந்த வகை முறிவு நன்றாகக் கூடிவிடும், கவலைப்படாதீர்கள். மாமியார் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். அந்தக் காலத்தில் எக்ஸ்ரேக்கு ஈரோடு வரைக்கும் போக வேண்டும், கைதான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி.

மே 6, காலை 7.10

மறுபாதியைப் பற்றி நேற்று முழுசாகச் சொல்லவில்லை. மனசு வாய் திறக்காத காயங்கள் உண்டு. பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், பதிவேட்டில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நாய்க்கடி முதல். தெரு நாய் பல் பட்டு முழங்காலில் ஒரு கோடு, ரத்தம் ஒரு பொட்டு. எந்தத் தாய்க்கும் வயிற்றைப் பிசையாது. ஆனால் ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம், கையில் தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும், அதை நீங்களே கேட்டு வாங்குங்கள். நாய் வீட்டு நாயா, குட்டியா என்பதெல்லாம் கணக்கில்லை. பூனைக்கும் குரங்குக்கும் இதேதான்.

இரண்டாவது பட்டன் பேட்டரி. ரிமோட், விளக்கெரியும் பொம்மை, எடை மிஷின் எல்லாவற்றிலும் இருக்கிறது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாக ஆரம்பிக்கும். முழுங்கினானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "காசு முழுங்கினால் தானாகப் போய்விடும்" என்ற பேச்சை இதற்குப் பொருத்தாதீர்கள்.

இந்த இடங்களில் மனசைக் கேட்கவே கூடாது. சட்டம் மாதிரி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மே 8, இரவு 11.00

தலையில் அடிபட்டதைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 42,412 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் லான்செட் இதழில் வந்தது. தலையில் அடிபட்டு வரும் பிள்ளைகளில் யாருக்கு சிடி ஸ்கேன் தேவையில்லை என்று கண்டுபிடிப்பதற்காகச் செய்தது, தேவையில்லாமல் கதிர்வீச்சு கொடுக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். இன்றைக்கும் பல நாடுகளில் அவசரப் பிரிவு டாக்டர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால்: நெற்றியைத் தவிர பின்னந்தலை, பக்கவாட்டில் வீக்கம், ஐந்து நொடிக்கு மேல் நினைவு தப்பியது, மூன்று அடிக்கு மேல் உயரத்தில் இருந்து விழுந்தது, தடவிப் பார்த்தால் மண்டை ஓட்டில் முறிவு கைக்குத் தட்டுப்படுவது, மயக்க நிலை. இத்தனையோடு ஆறாவதாக ஒன்று: பெற்றோர் பார்வையில் பிள்ளை வழக்கம்போல் இல்லை என்பது. இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நாம் "என்னமோ மாதிரி இருக்கிறான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, படிக்காதவள் உளறல் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசி நிற்கிறோம். அந்த வாக்கியம் மருத்துவத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

இரண்டு வயதுக்கு மேல் பட்டியல் கொஞ்சம் மாறும். வாந்தி, கடுமையான தலைவலி, நினைவு தப்பியது, ஐந்து அடிக்கு மேல் உயரம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வருவது, காதுக்குப் பின்னால் அல்லது கண்ணைச் சுற்றிக் கன்றிப்போவது. பெரியவர்கள் முன்நெற்றிப் புடைப்பைப் பார்த்துப் பதறுவார்கள். கைப்பிள்ளைக்குப் பின்னந்தலையில் கொழகொழவென்று இருக்கும் வீக்கம்தான் கவலைக்குரியது, முடிக்குள் மறைந்திருக்கும், தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

தூங்க விடக்கூடாதா என்றால், தூங்கும் நேரம் வந்துவிட்டது, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால் தூங்கட்டும். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பாருங்கள். எழுப்பினால் சிணுங்கி, கையைத் தட்டிவிட்டு, திரும்பிப் படுத்தால் நல்லது. எழுப்பவே முடியவில்லை என்றால் 108.

மே 9, காலை 6.15

ராத்திரி எழுதியதை யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆறாவது குறியைப் பிடித்துக்கொண்டு யாரும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரிடம் சண்டை போட வேண்டாம். மற்ற குறி ஒன்றுமே இல்லாமல் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே பெரிய அடி இருப்பதில்லை. சில மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனிப்பார்கள், பிள்ளை பழையபடி ஆகிவிட்டால் அனுப்பிவிடுவார்கள். கவனியுங்கள் என்று கேட்கத்தான் மனசுக்கு உரிமை இருக்கிறது. என்ன சோதனை எடுப்பது என்பது அவர்கள் முடிவு.

மே 11, மாலை 5.30

நாட்டு வைத்தியரைக் குறை சொல்கிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் உருவுவதைப் பற்றித்தான் சொன்னேன். ஆந்திரப் பக்கம் புத்தூர் கட்டுக்குச் சென்னையில் இருந்தெல்லாம் போய் வந்தவர்கள் உண்டு, கூடிய கைகளையும் பார்த்திருக்கிறேன். எனக்குள்ள பயம் கட்டின் இறுக்கத்தைப் பற்றியது. முறிந்த கை முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும். கட்டு இறுக்கமாக இருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிடும், விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே வரும் முறிவில் இந்த ஆபத்து அதிகம், பெரிய ரத்தக் குழாய் அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது.

இது ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டுப் போட்ட பின் வலி குறைய வேண்டும். ஏறிக்கொண்டே போனால், விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால், நகத்தை அழுத்தி விட்டதும் சிவப்பு உடனே திரும்பவில்லை என்றால், எந்த நேரமானாலும் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மே 15, இரவு 9.20

சைக்கிளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நானே எழுதுகிறேன். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்துவது. வெளியே ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தடம், அவ்வளவுதான் தெரியும். உள்ளே கணையமோ முன்சிறுகுடலோ முதுகெலும்போடு நசுங்கியிருக்கலாம், வலியும் வாந்தியும் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வரலாம்.

என் மகன் அப்படி விழுந்த அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி தோசை வேண்டாம் என்றான். காய்ச்சலிலும் தோசை கேட்கிற பிள்ளை. குனிந்து செருப்பு மாட்டாமல் நின்றபடியே காலை நுழைத்தான். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வண்டியை எடுத்தார், அவரும் அந்தச் செருப்பைப் பார்த்திருக்கிறார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஒரு ராத்திரி படுக்கை. ஒன்றும் இல்லை, வெறும் தசைக் கன்றல். செலவு ஆனது. அதே மாதிரி இன்னொரு தடவை நின்றால் இன்னொரு தடவையும் போவேன்.

ஏனென்றால் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயசுப் பெண்ணின் கதை எனக்குத் தெரியும். 2021-ல் வேல்ஸில் விடுமுறைக்குப் போன இடத்தில் சைக்கிளில் இருந்து விழுந்து கணையத்தில் அடி. லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ரத்தத்தில் நச்சுக்கிருமி பரவியது. நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் தீவிர சிகிச்சைக்கு உரிய நேரத்தில் மாற்றவில்லை, இறந்துவிட்டாள். மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணையில் முடிவானது. அவள் பெற்றோரின் போராட்டத்தால் 2024-ல் இருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் படிப்படியாக "மார்த்தா விதி" வந்திருக்கிறது. நோயாளியின் குடும்பம் கேட்டால் வேறொரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயன் விதி என்று இதேபோல் ஒன்று அதற்கு முன்பே இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். வார்டில் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் ஒரு தாய், யாரைக் கூப்பிடுவது என்று சுவரில் ஒட்டிய ஒரு எண்ணைப் பார்த்துக் கூப்பிட முடிய வேண்டும்.

மே 16, காலை 8.00

அப்பாக்களை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். செருப்பைப் பார்த்தவர் அப்பாதானே! யார் தினமும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறாரோ அவரிடம் அந்தப் பதிவேடு இருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோர் என்றால் பல வீடுகளில் அது அம்முச்சியிடமும் அப்பாருவிடமும் (தாத்தாவிடமும்) இருக்கிறது. அவர்கள் "பிள்ளை சரியில்லை" என்று போன் பண்ணினால் மீட்டிங் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மே 22, இரவு 10.30

டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வது, பயந்தாங்கொள்ளி அம்மா என்று நினைத்துவிடுகிறார்கள் என்று சேலத்து வாசகி கேட்டிருக்கிறார். "பயமா இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் அவர் உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். வழக்கம் என்ன, இப்போது என்ன என்று சொல்லுங்கள். "எப்போதும் வலது கையால் எடுப்பாள், மத்தியானத்தில் இருந்து தொடவில்லை." "விழுந்தால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுவான், இன்றைக்குக் காலை ஊன்றவே இல்லை." இதைக் கேட்டு அலட்சியம் செய்யும் டாக்டரை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால் அதோடு விடாதீர்கள். நடக்கப் பழகிய பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேலே மயிரிழையாக ஒரு முறிவு வரும், முதல் நாள் படத்தில் பல சமயம் தெரியாது, பத்துப் பதினான்கு நாள் கழித்துப் புது எலும்பு வளரும்போதுதான் கோடாகத் தெரியும். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் இருந்தது. அண்ணி, பிள்ளை இன்னும் காலை ஊன்றவில்லை என்று மறுபடி போனதால்தான் கட்டுப் போட்டார்கள். "எப்போது திரும்பக் காட்டட்டும்" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கை கோணலாக இருந்து கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், அழுகிறானே என்று வழியில் ஜூஸோ பிஸ்கட்டோ வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பல மணி நேரம் வலியோடு காத்திருக்க வேண்டிவரும். கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள். கிளம்புவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ல் கூப்பிட்டுக் கேட்கலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.